புள்ளியும் கோடும் – 8: அளவு நீங்கிய வடிவம்

மின்சாரக் கம்பிகள் பின்னிக் கிடக்கும் வலையொன்றில் எந்தக் கம்பியில் எவ்வளவு மின்னோட்டம் செல்லும் என்று நிர்ணயிப்பதற்காக, வலையின் எல்லாச் சந்திகளையும் தொட்டு நிற்பனவும், ஓரிடத்தும் வளையம் இல்லாதனவுமான மரங்களை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணிய கிர்க்காஃபின் வரலாற்றைச் சென்ற இதழில் கண்டோம். 1847-ஆம் ஆண்டில் 23 வயது இளைஞராக இருந்த அவர் வகுத்த அந்த முறை மின்சார சாஸ்திரத்துக்குள்ளேயே அடங்கிவிடவில்லை என்பதும், நூறாண்டு கழித்து அதே மரங்கள் ரசாயனிகளின் காகிதத்தில், அவர்கள் கிர்க்காஃபை நினைக்காமலேயே, மறுபடியும் முளைத்தன என்பதும் இவ்விதழில் விளங்கும். புள்ளிகளும் கோடுகளுமான படங்களை ஆராயும் கோட்டுரு இயலை வளர்த்தவர்கள் கணித வித்துவான்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மைதான். மற்றப் பாதி, குடுவையையும் தராசையும் கையாண்டவர்களுக்கும், பின்னாளில் புரதங்களின் எழுத்துவரிசையைப் படிக்கப் புகுந்தவர்களுக்கும் உரியது. எடை, தூரம், வேகம், காலம் ஆகிய அளவுகளையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, எது எதனோடு தொடுக்கப்பட்டிருக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டாலும் இயற்கையைப் பற்றி அசைக்க முடியாத சில முடிவுகளைச் சொல்லிவிடலாம் என்று உலகுக்கு முதலில் காட்டியவர்கள் இவர்களே என்பது என் திடமான அபிப்பிராயம்.

கதை 1820-களில் தொடங்குகிறது. லீபிக், வோலர் என்ற இரு ஜெர்மானிய இளைஞர்கள், ஒருவர் வெள்ளி ஃபல்மினேட்டையும் மற்றவர் வெள்ளி சயனேட்டையும் தனித்தனியே பகுத்தாய்ந்து, இரண்டிலும் வெள்ளி, கார்பன், நைட்ரஜன், ஆக்ஸிஜன் என்ற அதே தனிமங்கள் அதே விகிதத்தில் இருப்பதாக முடிவு கண்டார்கள். ஒன்றோ லேசாகத் தட்டினாலே வெடிக்கும் பொருள். மற்றொன்று சாதுவான பொருள். இரண்டில் ஒரு பகுப்பாய்வு தவறாக இருக்க வேண்டும் என்றே அக்காலத்தவர் நினைத்தனர். ஆனால் சோதனையைத் திரும்பச் செய்தபோது இருவர் முடிவும் சரியென்றே தெரிந்தது. கூட்டிலுள்ள பொருள்களும் அவற்றின் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தும் குணம் வேறாக இருக்கும் இத்தகைய பொருள்களுக்கு 1830-இல் பெர்ஸீலியஸ் ஒரு பொதுப் பெயர் இட்டார். நம் பாட நூல்களில் அவை மாற்றியங்கள் எனப்படுகின்றன. பெயர் இட்டாயிற்றே தவிர, காரணம் விளங்கவில்லை. எத்தனை அணு என்ற கணக்குக்கு அப்பால் வேறு ஏதோ ஒன்று பொருளின் குணத்தை ஆள்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

அந்த வேறு ஏதோ ஒன்று இன்னதென்று தெரிவதற்கு 1858 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு பிணைப்புக்களை ஏற்கும் என்றும், கார்பன் கார்பனோடேயே பிணைந்து தொடராக நீளும் என்றும் அவ்வாண்டில் கெக்குலேயும் கூப்பரும் ஒருவரை ஒருவர் சாராமல் அறிவித்தனர். அதன்பின் எடின்பரோவில் மருத்துவம் பயின்ற அலெக்ஸாண்டர் க்ரம் பிரௌன் என்ற இளைஞர், 1861-இல் தம் பட்டத்துக்காக எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையிலும், 1864-இல் மாற்றியங்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலும், அணுவின் குறியெழுத்தைச் சுற்றி ஒரு வட்டமிட்டு, பிணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு இழுத்து, மூலக்கூற்றைப் படமாகவே வரைந்து காட்டினார். புரொபைல் மதுவும் ஐசோபுரொபைல் மதுவும் ஒரே அணுக்களால் ஆனவை. க்ரம் பிரௌனின் படங்களை அருகருகே வைத்துப் பார்க்கும் சிறுவனும் அவற்றின் வேற்றுமையைக் கண்டுகொள்வான்.

இவ்விடத்தில் சற்று நின்று கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தம் படத்தில் இரண்டு வட்டங்கள் அருகருகே இருப்பதனால் அந்த இரண்டு அணுக்களும் வெளியில் அப்படியே அருகருகே இருக்கின்றன என்று கொள்ளலாகாது என்றும், தாம் காட்டுவது அணுக்களின் ரசாயன சம்பந்தத்தையே அன்றி அவை இருக்கும் இடத்தை அன்று என்றும் க்ரம் பிரௌன் தெளிவாக எச்சரித்திருக்கிறார். அந்நாளில் அணு என்பதே உண்மைதானா என்று சந்தேகித்த பெரியோர்கள் பலர். அவர்களிடையே நின்று, இடத்தையும் தூரத்தையும் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, தொடர்பைப் பற்றி மட்டுமே சொல்லுகிறேன் என்று வரம்பு கட்டிக்கொள்வதற்கு அறிவின் அடக்கமும் வேண்டும், துணிவும் வேண்டும். கோனிக்ஸ்பர்க் பாலங்களைப் பற்றி ஆய்லர் 1735-இல் எந்த மனப்பான்மையோடு சிந்தித்தாரோ, அதே மனப்பான்மை ரசாயனத்தின் வழியாக மறுபடி உருவெடுத்தது இங்கேதான். ஃபிராங்க்லண்டு 1866-இல் மாணவர்களுக்காக வெளியிட்ட பாட நூலில் இந்தப் படங்களைக் கையாண்டார். அதன்பின் அவை எங்கும் பரவின.

படங்கள் பரவிய பிறகு எழவேண்டிய கேள்வியும் எழுந்தது. இத்தனை கார்பனும் இத்தனை ஹைட்ரஜனும் கொடுத்தால், வரையக்கூடிய வெவ்வேறு படங்கள் எத்தனை? அதாவது, இருக்கக்கூடிய மாற்றியங்கள் எத்தனை? இதற்கு விடை காண முனைந்தவர் ஆர்தர் கேலி. 14 ஆண்டுக் காலம் லண்டனில் வழக்கறிஞர் தொழில் செய்து, அத்தொழிலின் இடைவேளைகளிலேயே 200-க்கும் மேற்பட்ட கணிதக் கட்டுரைகளை எழுதிக் குவித்து, 1863-இல் கேம்பிரிட்ஜில் பேராசிரியர் பதவி ஏற்ற அவர், 1857-லேயே வேறொரு காரணத்துக்காக மரங்களை எண்ணிப் பார்த்தவர். அப்போது அவர் மனத்தில் இருந்தவை வகைநுண்கணிதத்தின் சில செயலிகள், ரசாயனம் இல்லை. 1874-இல் மாற்றியங்களின் பக்கம் திரும்பியபோது, தாம் முன்பு செய்து வைத்திருந்த கருவி இதற்கென்றே செய்ததுபோல் பொருந்துவதை அவர் கண்டார்.

பாரஃபின் என்ற ஹைட்ரோகார்பன் வரிசையை அவர் எடுத்துக்கொண்டார். ஹைட்ரஜன் அணுவுக்கு ஒரே பிணைப்புத்தான். ஆதலால் அது படத்தின் ஓரத்தில் தொங்குமே ஒழிய, அமைப்பை மாற்றாது. அதனை நீக்கிவிட்டால் எஞ்சுவது கார்பன் புள்ளிகளின் எலும்புக்கூடு மட்டுமே. அது வளையம் இல்லாத ஒரு மரம். அதில் எந்தப் புள்ளியிலும் நான்குக்கு மேற்பட்ட கோடுகள் சேரா. ரசாயனக் கேள்வி இவ்வாறு கணிதக் கேள்வியாகிவிட்டது. ஆயினும் எண்ணுவது எளிதன்று. ஒரே மரத்தைத் திருப்பியும் புரட்டியும் வரைந்தால் அது வேறு மரம்போலத் தோன்றி, இரண்டு தரம் எண்ணப்பட்டுவிடும். வேர் என்று ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டால் எண்ணுவது ஒழுங்குபடும். ஆனால் மூலக்கூற்றில் வேர் என்று ஓர் அணு இல்லை. ஆகவே, மரத்தின் நுனிகளிலிருந்து உள்நோக்கி இலைகளை அடுக்கடுக்காகக் களைந்துகொண்டே சென்றால் கடைசியில் மிஞ்சும் ஒரு புள்ளியையோ ஒரு கோட்டையோ மையமாகக் கொண்டு, அந்த மையத்தையே வேராகப் பாவித்துக் கேலி கணக்கிட்டார். மரத்தின் மையம் பற்றிய இக்கருத்தை 1869-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜோர்தான் வெளியிட்டிருந்தார்.

1875-இல் கேலி தந்த அட்டவணையில், நான்கு கார்பன் உடைய பியூட்டேனுக்கு 2 மாற்றியங்கள், பென்டேனுக்கு 3, ஹெக்ஸேனுக்கு 5, ஹெப்டேனுக்கு 9, ஆக்டேனுக்கு 18, பத்துக் கார்பன் உடைய டெக்கேனுக்கு 75. பன்னிரண்டுக்கு 357 என்றும் பதின்மூன்றுக்கு 799 என்றும் அவர் எழுதியவை இரண்டும் பிழை. பின்னர் வந்தோர் அவற்றை 355 என்றும் 802 என்றும் திருத்தினர். இதைக் கொண்டு கேலியின் பெருமை குறைந்ததாக நினைக்க இடமில்லை. காகிதமும் பேனாவுமே துணையாக, ஒன்றோடொன்று மயங்கும் நூற்றுக்கணக்கான வடிவங்களைப் பிரித்தெடுத்த மனிதர் இரண்டு இடங்களில் தடுமாறியது வியப்பன்று. எந்தச் சோதனைச்சாலையும் அந்தப் பிழையைக் கண்டுபிடித்திருக்க முடியாது, கணிதம்தான் கண்டுபிடித்தது என்பதே வியப்பு. 1931-இல் டெக்ஸாஸ் சர்வகலாசாலையின் ஹென்ஸியும் பிளேரும் இவ்வெண்ணிக்கையைத் தொடர்ந்து நடத்தி, 20 கார்பனுக்கு 3,66,319 மாற்றியங்கள் என்றும், 30 கார்பனுக்கு 411 கோடிக்கு மேல் என்றும் கண்டார்கள். இவற்றில் உலகில் ஒருவரேனும் கண்ணால் கண்டவை மிகச் சிலவே. காணாத பொருள்களின் எண்ணிக்கையை இவ்வளவு திட்டமாகச் சொல்லும் சாஸ்திரம் வேறு எது என்று எனக்குத் தோன்றவில்லை. 1937-இல் ஸூரிக் நகரில் இருந்த ஹங்கேரியரான ஜியார்ஜ் போயா, ஒரு வடிவத்தின் சமச்சீரைக் கொண்டே அதன் வகைகளை எண்ணிவிடும் பொதுச் சூத்திரத்தை நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு கட்டுரையில் நிறுவியபோது, கேலி தொடங்கிய பணி ஒருவாறு முற்றுப்பெற்றது. அதே கருத்தின் சாரத்தை ரெட்ஃபீல்டு என்ற அமெரிக்கர் 1927-லேயே அச்சிட்டிருந்தும், முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஏறத்தாழ எவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இதுவரை சொன்னவை அசைவற்ற பொருள்களைப் பற்றியவை. ரசாயனமோ மாறுதலின் சாஸ்திரம். ஒன்று மற்றொன்றாக மாறும் வினையே அதன் உயிர். வினையைக் கோட்டுருவாக வரைந்தால் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு நிலை. கோடு ஒவ்வொன்றும் அம்புக்குறி தாங்கிய ஒரு மாறுதல். 1864-இல் நார்வேயின் குல்ட்பெர்கும் வோகேயும் வெளியிட்ட நிறைத்தாக்க விதிப்படி, ஒவ்வொரு மாறுதலின் வேகமும் அதில் கலந்துகொள்ளும் பொருள்களின் அடர்த்திகளின் பெருக்கத்துக்கு விகிதசமமாகும். அந்த விகிதத்தைக் குறிக்கும் எண்ணே வேக மாறிலி. இந்த மாறிலிகளை அளப்பதில்தான் தொல்லை. உயிரணுவுக்குள் நூற்றுக்கணக்கான வினைகள் ஒரே சமயத்தில் நடக்கும்போது ஒவ்வொன்றின் மாறிலியையும் தனித்தனியே அளப்பது பெரும்பாலும் ஆகாத காரியம்.

1956-இல் எட்வர்டு கிங்கும் கார்ல் ஆல்ட்மனும் என்ஸைம் வினைகளின் வேகத்தைக் கணக்கிட ஒரு படமுறையை வெளியிட்டார்கள். என்ஸைம் வெறுமையாக நிற்பது ஒரு நிலை. அடிப்பொருளைப் பற்றிக்கொண்டு நிற்பது இரண்டாம் நிலை. விளைபொருளை இன்னும் விடாமல் நிற்பது மூன்றாம் நிலை. மூன்றையும் முக்கோணமாக வைத்து, இரு திசையிலும் செல்லும் கோடுகளால் இணைத்தால், ஏதேனும் ஒரு கோட்டை நீக்கியவுடன் எஞ்சும் இரண்டு கோடுகளும் ஒரு மரமாகின்றன. ஆக மரங்கள் மூன்று. வெறும் என்ஸைம் எவ்வளவு பங்கு இருக்கும் என்று அறிய வேண்டுமானால், ஒவ்வொரு மரத்திலும் வெறும் என்ஸைமை நோக்கிப் பாயும் அம்புகளின் மாறிலிகளைப் பெருக்கி, மூன்று மரங்களின் பெருக்கத்தையும் கூட்ட வேண்டும். மற்ற இரு நிலைகளுக்கும் அவ்வாறே. மொத்தம் 9 உறுப்புக்கள். ஒன்றுகூடக் கழித்தல் குறி ஏற்காது. நிலைகள் நான்காகி வளையமாக நின்றால் உறுப்புக்கள் 16. பக்கம் பக்கமாகச் சமன்பாடுகளை எழுதி, கழித்தும் வகுத்தும் களைத்துப் போய்க்கொண்டிருந்த உயிர்வேதியியலாருக்கு இந்த முறை கிடைத்தற்கரிய உதவியாயிற்று.

கிங்கும் ஆல்ட்மனும் இதனை அணிக்கோவைகளின் வழியாக வந்தடைந்தார்கள். ஆனால் அவர்கள் வரைந்தவை கிர்க்காஃபின் மரங்களே அல்லவா? திசை தாங்கிய கோடுகளுக்கு அந்த மரத் தேற்றத்தை 1948-இல் டட் என்ற கணித அறிஞர் நிறுவியிருந்தார். அவர் அங்கே சென்றது, சமபக்க முக்கோணத்தைச் சிறிய சமபக்க முக்கோணங்களாகக் கூறுபோட முடியுமா என்ற முற்றிலும் வேறான ஒரு பிரச்சினையின் வழியாக. மின்கம்பி, முக்கோணக் கூறு, என்ஸைம் ஆகிய மூன்றுக்கும் இடையே பௌதிக சம்பந்தம் எதுவும் இல்லை. மூன்றிலும் ஒன்றாக இருப்பது தொடுப்பு மட்டுமே. இதை நினைக்குந்தோறும் என் மனம் மகிழ்ச்சியில் திளைக்கிறது.

கிங்–ஆல்ட்மன் முறையில் மாறிலிகளின் மதிப்பு தெரியாவிட்டால் விடையின் வடிவம் கிடைக்குமே தவிர, எண் கிடைக்காது. மாறிலிகள் எதுவாக இருப்பினும் மாறாத முடிவு ஏதேனும் உண்டா என்ற கேள்வியை எழுப்பி, 1972-இல் ஃபிரிட்ஸ் ஹார்ன், ராய் ஜாக்ஸன், மார்ட்டின் ஃபைன்பெர்க் என்ற மூன்று ரசாயனப் பொறியியல் அறிஞர்கள் தந்த பதிலை, கோட்டுரு இயலின் மகத்தான வெற்றிகளில் ஒன்றாக நான் கருதுகிறேன். அவர்கள் வரைந்த படத்தில் புள்ளி என்பது தனிப் பொருள் அன்று; அம்புக்குறியின் இரு முனைகளிலும் நிற்கும் பொருள் தொகுதி. என்ஸைமும் அடிப்பொருளும் சேர்ந்தது ஒரு தொகுதி. இரண்டும் பிணைந்தது ஒரு தொகுதி. என்ஸைமும் விளைபொருளும் சேர்ந்தது மற்றொரு தொகுதி. தொகுதிகளின் எண்ணிக்கையிலிருந்து, படம் எத்தனை தனித்துண்டுகளாக இருக்கிறதோ அந்த எண்ணையும், ஒன்றை மற்றவற்றிலிருந்து வருவிக்க முடியாத சுயேச்சையான வினைகளின் எண்ணையும் கழித்தால் வருவது அந்த அமைப்பின் குறைபாட்டெண். மேற்சொன்ன என்ஸைம் வினையில் தொகுதிகள் 3, துண்டு 1, சுயேச்சை வினைகள் 2. ஆகக் குறைபாட்டெண் பூஜ்யம்.

குறைபாட்டெண் பூஜ்யமாகவும், ஒரு தொகுதியிலிருந்து அம்புகளின் வழியே எங்கே சென்றாலும் அங்கிருந்து அம்புகளின் வழியே திரும்பி வர இயல்வதாகவும் இருந்தால், நிறைத்தாக்க விதிக்கு உட்பட்ட அந்த வினையமைப்பில், மொத்த இருப்பு இவ்வளவு என்று நிர்ணயமான பின், எல்லாப் பொருளும் நிலைத்திருக்கும் சமநிலை ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதிலிருந்து சற்று விலக்கினால் அமைப்பு மறுபடி அதற்கே திரும்பும். இருவேறு நிலைகளுக்கிடையே தாவுதலும் இல்லை, ஓயாத ஊசலாட்டமும் இல்லை. வேக மாறிலிகள் எப்படி இருந்தாலும் சரி. திரும்பும் வழி இல்லாவிட்டாலோ, எல்லாப் பொருளும் எஞ்சியிருக்கும் சமநிலையே இல்லை. மூன்று முழு எண்களைக் கூட்டிக் கழிக்கத் தெரிந்தவன், ஒரு மாறிலியையும் அளக்காமல், ஒரு சமன்பாட்டையும் தீர்க்காமல், வினையின் எதிர்காலத்தை முன்னறிகிறான்.

குறைபாட்டெண் பூஜ்யம் இல்லாவிட்டால் இந்த அபயம் இல்லை. 1951-இல் மாஸ்கோவில் பெலூஸோவ், சிட்ரிக் அமிலத்தையும் புரோமேட்டையும் ஸீரியம் உப்போடு கலந்து வைத்தபோது, கரைசல் மஞ்சளாகவும் நிறமற்றதாகவும் மாறி மாறித் தோன்றியதைக் கண்டு எழுதி அனுப்பிய கட்டுரையை, இப்படி நடக்க முடியாது என்று பத்திரிகையாசிரியர்கள் திருப்பிவிட்டார்கள். உண்மையாக உழைத்த ஒரு மனிதர் தம் கண்ணால் கண்டதையே சொல்ல முடியாமல் மனம் கசந்து ஒதுங்கியதை நினைத்தால் துயரம் மேலிடுகிறது. பிறகு ஜபோடின்ஸ்கி அதனை ஆராய்ந்து உலகறியச் செய்தார். அத்தகைய ஊசல்களை விளக்க 1968-இல் பிரஸ்ஸல்ஸில் பிரிகோஜினும் லெஃபவரும் கற்பித்த எளிய வினையமைப்பில், உட்செலுத்தப்படும் பொருள்களின் அடர்த்தியை மாறாததாகக் கொண்டால், தொகுதிகள் 5, துண்டுகள் 2, சுயேச்சை வினைகள் 2, குறைபாட்டெண் 1. ஊசலுக்கு இடம் அங்கே இருக்கிறது.

வினைகளிலிருந்து ஜீன்களுக்குச் செல்லும் பாதையைச் செப்பனிட்டவர்களுள் ஒருவர் மான்ஃபிரெட் ஐகன். அதிவேக வினைகளை அளந்ததற்காக 1967-இல் நோபல் பரிசு பெற்ற அவர், 1971 முதல், தம்மைத் தாமே நகலெடுத்துக்கொள்ளும் மூலக்கூறுகளின் பரிணாமத்தை ரசாயன வினையாகவே பாவித்து எழுதலானார். பீட்டர் ஷூஸ்டரோடு சேர்ந்து 1977-78-இல் அவர் விவரித்த அமைப்பில், முதல் மூலக்கூறு இரண்டாவதன் பெருக்கத்துக்கு உதவ, இரண்டாவது மூன்றாவதற்கு உதவ, கடைசியானது முதலாவதற்கு உதவி வளையத்தை மூடுகிறது. இங்கும் வடிவமே விதியை ஆளுகிறது: வளையத்தில் நான்கு உறுப்பினர் வரை இருந்தால் எல்லாரும் ஓர் அமைதியான விகிதத்தில் நிலைக்கிறார்கள், ஐந்து ஆகிவிட்டால் அமைதி குலைந்து, முறைவைத்து ஏறி இறங்கும் ஊசல் பிறக்கிறது.

இனி, நடந்துபோன பரிணாமத்துக்கு வருவோம். இன்ஸுலினின் 51 அமினோ அமிலங்களும் எந்த வரிசையில் கோக்கப்பட்டிருக்கின்றன என்று ஸேங்கர் 1950-களில் படித்து முடித்த பிறகு, ஒரே புரதத்தை வெவ்வேறு பிராணிகளிலிருந்து எடுத்து ஒப்பிடுவது சாத்தியமாயிற்று. ஸூக்கர்கேண்டலும் லைனஸ் பாலிங்கும் 1960-களில் வற்புறுத்திய கருத்து, இம்மூலக்கூறுகளே பரிணாமத்தின் ஆவணங்கள் என்பது. ஏட்டுச் சுவடியைப் பெயர்த்தெழுதுபவர் செய்யும் பிழை, அந்தப் பிரதியிலிருந்து பிறக்கும் பிரதிகளிலெல்லாம் தொடர்ந்து செல்வதால், பாடபேதங்களை ஒப்பிட்டு எது எதிலிருந்து பெயர்த்தெழுதப்பட்டது என்று பதிப்பாசிரியர் அநுமானிப்பதுபோல, ஜீனில் ஏறிய மாறுதல்களை ஒப்பிட்டு உயிரினங்களின் வமிசத்தை அநுமானிக்கலாம்.

மார்கரெட் டேஹாஃப் என்ற அம்மையார் இவ்விஷயத்தில் ஆற்றிய தொண்டு தனியாக ஒரு கட்டுரைக்கு உரியது. 1948-இல் கொலம்பியா சர்வகலாசாலையில் துளையட்டை இயந்திரங்களைக் கொண்டு மூலக்கூறுகளின் ஆற்றலைக் கணக்கிட்டு டாக்டர் பட்டம் பெற்ற ரசாயனி அவர். அதே இயந்திர அறிவைப் புரத வரிசைகளின்மேல் திருப்பி, 1965-இல் அதுவரை தெரிந்திருந்த 65 புரதங்களின் வரிசைகளை ஒரு நூலாகத் தொகுத்து வெளியிட்டார். மறு ஆண்டில் எக் என்பவரோடு சேர்ந்து, மிகக் குறைந்த மாறுதல்களைக் கொண்டு வரிசைகளை விளக்கும் மரத்தைக் கணிப்பொறியால் தேடும் வழியைக் காட்டினார். ரசாயனத்தின் கோட்டுருவிலிருந்து ஜீனின் கோட்டுருவுக்கு ஒரே ஆயுளில் நடந்து சென்றவர் என்று இவரைச் சொல்லலாம்.

1967-இல் வால்டர் ஃபிட்சும் மார்கோலியாஷும், மனிதன் முதல் ஈஸ்ட் வரை 20 இனங்களின் ஸைட்டோகுரோம்-ஸி என்ற ஒரே புரதத்தைக் கொண்டு வமிச மரம் ஒன்றை எழுப்பினர். எலும்பையும் பல்லையும் பார்த்துப் பல தலைமுறை அறிஞர்கள் வகுத்த மரத்தோடு அது பெரும்பாலும் ஒத்திருந்தது. சில இடங்களில் ஒவ்வவில்லை. ஆமையை அது, பாம்புக்கு அருகில் வைக்காமல் பறவைகளுக்கு அருகில் வைத்தது. அன்று முறையின் குறையாகத் தோன்றிய அந்த இடத்தில், பிற்காலத்து ஆராய்ச்சியும் ஆமையைப் பறவை, முதலை ஆகியவற்றின் பக்கமே சேர்த்திருக்கிறது.

இருபது இனங்களுக்கு வேர் குறிக்காத மரங்கள் எத்தனை சாத்தியம்? நான்கு இனத்துக்கு 3, ஐந்துக்கு 15, ஆறுக்கு 105, பத்துக்கு 20 லட்சத்துக்கு மேல், இருபதுக்கு 22-ஐ எழுதி 19 பூஜ்யங்களைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது எந்தக் கணிப்பொறிக்கும் ஆகாது. கொடுத்த ஒரு மரத்தில் குறைந்தபட்ச மாறுதல்கள் எத்தனை என்பதை விரைவில் கண்டுபிடிக்கும் வழியை 1971-இல் ஃபிட்ச் தந்தார். ஆனால் மரங்கள் அனைத்திலும் சிறந்ததைக் காண்பது, எந்தக் குறுக்கு வழியும் இருப்பதாக எவரும் நம்பாத கடினமான கணக்குகளின் இனத்தைச் சேர்ந்தது என்று 1982-இல் ஃபௌல்ட்ஸும் கிரஹாமும் நிறுவினர்.

அதே ஃபிட்ச் 1970-இல் செய்த ஒரு பாகுபாடுதான் கோட்டுரு இயலுக்கு இன்னும் ஆழமான விருந்தாக அமைந்தது. மனிதனின் ஆல்ஃபா ஹீமோகுளோபினும் குதிரையின் ஆல்ஃபா ஹீமோகுளோபினும், மனித வமிசமும் குதிரை வமிசமும் பிரிந்ததனால் வேறுபட்டவை. இத்தகைய உறவினை ஆர்த்தலாக் என்றார். மனிதனுக்குள்ளேயே இருக்கும் ஆல்ஃபாவும் பீட்டாவுமோ, மிகப் பழங்காலத்தில் ஒரு ஜீன் இரட்டித்ததனால் பிறந்தவை, இது பாராலாக். மனித ஆல்ஃபாவையும் குதிரை பீட்டாவையும் ஒப்பிட்டு இனங்கள் பிரிந்த காலத்தைக் கணித்தால் முடிவு முற்றிலும் பிசகிவிடும். ஆகவே இரண்டையும் பிரித்தறிவது உயிர்நூலாருக்கு அத்தியாவசியம்.

ஜீன்களைப் புள்ளிகளாக வைத்து, ஆர்த்தலாக் உறவுள்ள ஜோடிகளை மட்டும் கோட்டால் இணைப்போம். இந்தப் படம் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாமா? இருக்க முடியாது. அ, ஆ, இ, ஈ என்ற நான்கு ஜீன்களில், அ-ஆ, ஆ-இ, இ-ஈ என்ற மூன்று ஜோடிகள் மட்டும் இணைந்து ஒரே சங்கிலியாக நிற்கும் அமைப்பு அதில் ஓரிடத்தும் வர இயலாது. காரணத்தை இங்கேயே காட்டிவிடலாம். அந்த நான்குக்கும் பொதுவான கடைசி மூதாதையை நினையுங்கள். அங்கே வமிசம் கிளைத்தபோது நான்கும் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்திருக்கும். ஒரு கூட்டத்திலிருந்து ஒன்றும் வேறு கூட்டத்திலிருந்து ஒன்றுமாக எடுக்கும் எந்த ஜோடிக்கும் மூதாதை அதுவே. அந்தக் கிளைப்பு இனப்பிரிவானால், கூட்டத்துக்குக் கூட்டம் எல்லா ஜோடியும் இணைந்திருக்க வேண்டும். இரட்டிப்பானால் ஒன்றும் இணைந்திருக்கக் கூடாது. இரட்டிப்பு என்றால் படம் துண்டாகிவிடும். ஆனால் சங்கிலியோ துண்டாகாதது. இனப்பிரிவு என்றால், இணையாத ஜோடிகளை இணைத்து வரையும் எதிர்ப்படம் துண்டாகிவிடும். ஆனால் நம் சங்கிலியின் எதிர்ப்படத்தை வரைந்து பாருங்கள், இ-அ, அ-ஈ, ஈ-ஆ என்று அதுவும் துண்டாகாத சங்கிலியாகவே வருகிறது. இரண்டு வழியும் அடைபட்டதால் அப்படியோர் அமைப்பு இல்லை.

நான்கு புள்ளிச் சங்கிலி இல்லாத படங்களை 1981-இல் கார்னீலும் அவருடைய சகாக்களும் ஜீன் என்ற நினைவே இன்றி ஆராய்ந்து வைத்திருந்தார்கள். மரங்களின் கிளைகளுக்குக் குறியிட்டு மீட்கும் தேற்றத்தைப் போக்கரும் டிரெஸ்ஸும் 1998-இல் அளித்தார்கள். இவ்விரண்டும் ஆர்த்தலாக் உறவோடு பொருந்துவதை 2013-இல் ஹெல்மூத், ஷ்டாட்லர் முதலியோர் எடுத்துக்காட்டினர். ஷ்டாட்லர் வியன்னாவில் ஷூஸ்டரிடம் ரசாயனம் பயின்றவர் என்பதையும், ரசாயன வினைகளைக் கோட்டுரு மாற்றங்களாக ஆராய்பவர்களுள்ளும் அவர் ஒருவர் என்பதையும் இவ்விடத்தில் சேர்த்துச் சொல்ல வேண்டும். இத்தேற்றத்தின்படி, அத்தகைய படம் ஒன்று கையில் கிடைத்தால், எந்தக் கிளைப்பு இனப்பிரிவு, எந்தக் கிளைப்பு இரட்டிப்பு என்று குறியிட்ட மரத்தை, படம் அறிவிக்கும் அளவுக்கு, அப்படியே மீட்டுவிடலாம். தூரமும் தேவையில்லை, காலமும் தேவையில்லை.

உண்மையான தரவுகளிலோ பிழை கலந்தே வரும்; விலக்கப்பட்ட சங்கிலிகள் அங்கங்கே தலைகாட்டும். மிகக் குறைந்த கோடுகளைச் சேர்த்தும் நீக்கியும் படத்தைத் திருத்துவதும் ஃபௌல்ட்ஸ், கிரஹாம் கண்ட அதே கடின இனத்துக் கணக்குத்தான். மேலும், தாயிடமிருந்து சேய்க்கு மட்டுமன்றி, ஒரு பாக்டீரியத்திலிருந்து முற்றிலும் வேறான மற்றொன்றுக்கும் ஜீன்கள் குறுக்கே பாய்வதுண்டு. அங்கே மரம் என்ற வடிவமே போதாமல் வலை தேவைப்படுகிறது. அதற்கு முன், ஜீன்களின் எழுத்து மாறாமல் அவற்றின் வரிசை மட்டும் தலைகீழாகத் திரும்புவதைக் கொண்டு, 1936-இல் ஸ்டர்டெவண்டும் டொப்ஷான்ஸ்கியும் பழ ஈக்களின் வமிசத்தை எவ்வாறு வகுத்தார்கள் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)